நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் முதுமைத் தளர்ச்சியும்: 71 வயதுப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வரும் முதியவரிடம் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று கேட்பதற்கு முன்பாக, கடந்த ஓராண்டில் எந்தெந்த வேலைகளைச் செய்வதை விட்டுவிட்டார் என்று கேட்பது நல்லது. மூச்சு வாங்க வைக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்ட ஒருவர் "இப்போது பரவாயில்லை" என்றுதான் சொல்வார். நாற்காலியை விட்டு எழாதவருக்கு மூச்சு வாங்குவதற்கான தருணமே வாய்ப்பதில்லை. நோய் முற்றுவதையும் உடல் தளர்வதையும் அந்தப் பதில் மறைத்துவிடுகிறது. அப்படி மறைந்திருந்த தளர்ச்சியைக் கண்டறிந்து, மாற்ற முடிந்த அளவுக்கு மாற்றிய ஒரு நிகழ்வை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். கொங்குப் பகுதியின் விசைத்தறி ஊர்களிலிருந்து நுரையீரல் பிரிவுக்கு வரும் முதிய பெண்களிடம் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளைச் சேர்த்து, எவருடைய அடையாளமும் வெளிப்படாதபடி ஒரே நோயாளியின் வரலாறாக இது எழுதப்பட்டுள்ளது. ஆகவே அவருடைய அளவீடுகளை எடுத்துக்காட்டாகவே கொள்ள வேண்டும்.

நோயாளியின் பின்னணி

அவருக்கு வயது 71. கணவர் இறந்தபின் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளுடன் வசிக்கிறார். புகைபிடிக்கும் பழக்கம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. கணவர் பீடி பிடித்தவர். இவரோ 17 வயதில் திருமணமாகி வந்த நாள் முதல் சன்னல் இல்லாத சமையலறையில் விறகடுப்பில் சமைத்தவர். பருத்திமாரும் சீமைக்கருவேல விறகும் தேங்காய் மட்டையும்தான் எரிபொருள். 2016-இல் உஜ்வலா திட்டம் தொடங்கியதற்குப் பின் வீட்டுக்கு எரிவாயு உருளை வந்துவிட்டாலும், குளிக்க வெந்நீர் போடுவதும் விசேஷ நாட்களில் சமைப்பதும் விறகில்தான் நடந்துவந்தது. இவற்றோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தறிக்குடோனில் தார் சுற்றும் வேலையும் (நெசவுக்கான நூலைக் குச்சியில் சுற்றுவது) செய்திருக்கிறார். பஞ்சுத் தூசியும் விறகுப் புகையும் சேர்ந்த இந்தப் பின்னணி, நம் ஊர்ப் பெண்களிடம் காணும் நுரையீரல் அடைப்பு நோய்க்கு மிகவும் பொதுவானது. புகைபிடிக்காதவர் என்பதாலேயே அவர்களுடைய நோய் பல ஆண்டுகள் 'ஆஸ்துமா' என்ற பெயரில் ஓடிவிடுகிறது.

இவருக்கும் அப்படித்தான் நடந்தது. 58 வயதில் தொடங்கிய இளைப்புக்கு, அதிகமாகும்போதெல்லாம் உள்ளூரில் ஊசி போட்டுக்கொள்வதும், இடைப்பட்ட நாட்களில் தியோஃபிலின் மாத்திரை விழுங்குவதும் வழக்கமாயின. மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை. கடந்த ஓராண்டில் இருமுறை நோய் திடீரெனத் தீவிரமடைந்து, இரண்டாம் முறை மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். வீடு திரும்பி மூன்றாவது வாரத்தில் எங்களிடம் வந்தபோது, "எந்திரிச்சு நின்னா நெஞ்சு அடைக்குதுங்க, கால்ல தெம்பே இல்லீங்க" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்த இரண்டாவது பாதிதான் இந்த நிகழ்வின் மையம்.

பரிசோதனையில் கண்டவை

உயரம் 148 செ.மீ., எடை 38.5 கிலோ. முந்தைய ஆண்டு மருத்துவச் சீட்டில் 43 கிலோ என்று இருந்தது. அதாவது உணவைக் குறைக்க வேண்டும் என்று நினைக்காமலேயே உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. உடல் நிறை குறியீடு 17.6. கெண்டைக்காலின் சுற்றளவு 27 செ.மீ.; ஆசியப் பெண்களுக்கு 33-க்குக் கீழ் என்றாலே தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். அமர்ந்திருக்கையில் ஆக்சிஜன் அளவு 92 சதவீதம், நடந்தால் 86 வரை இறங்கியது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தபின் செய்த ஸ்பைரோமெட்ரியில், முதல் நொடியில் வெளியேறும் காற்றுக்கும் மொத்தமாக வெளியேறும் காற்றுக்கும் உள்ள விகிதம் 0.51, முதல் நொடிக் காற்றின் அளவு எதிர்பார்க்கப்படுவதில் 44 சதவீதம். உலக அளவில் பின்பற்றப்படும் கோல்டு வழிகாட்டுதலின்படி இது காற்றோட்டத் தடையில் மூன்றாம் நிலை, அதாவது தீவிர நிலை.

ஆனால் 44 சதவீத மூச்சுத்திறனோடு தினமும் சந்தைக்கு நடந்து போய்வருகிறவர்களும் இருக்கிறார்கள். இவரால் வீட்டுத் திண்ணையிலிருந்து வாசல் குழாய் வரை நடக்க முடியவில்லை. இந்த வேறுபாட்டை நுரையீரல் பரிசோதனை விளக்கவில்லை என்பதால் தளர்ச்சியை முறையாக அளந்தோம். அமெரிக்க முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரீடும் அவருடைய குழுவினரும் 2001-இல் வகுத்த அளவுகோல் ஐந்து கூறுகளைப் பார்க்கிறது: தானாகக் குறைந்த எடை, ஓயாத சோர்வு, குறைந்த நடமாட்டம், மெதுவான நடை, வலுவற்ற கைப்பிடி. இவற்றில் மூன்று இருந்தாலே தளர்ச்சி என்று கொள்வார்கள். இவருக்கு ஐந்தும் இருந்தன. 4 மீட்டர் தூரத்தைக் கடக்க 7.4 நொடிகள் ஆயின. கைப்பிடி வலு 11 கிலோ. ஆசியப் பெண்களுக்கான வரம்பு 18. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமரச் சொன்னபோது இரண்டாவது முறையோடு நின்றுவிட்டார். ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் இருமுறை நின்று 165 மீட்டர் நடந்தார். குளிக்கவும் வீட்டு வேலைக்கும் வெளியே செல்லவும் பிறர் துணை தேவைப்பட்டதால், ஒன்பது படிகள் கொண்ட மருத்துவத் தளர்ச்சி அளவுகோலில் அவர் ஆறாம் படியில் இருந்தார். நோயின் அன்றாடப் பாதிப்பை 40 மதிப்பெண்ணுக்கு அளக்கும் கேட் வினாத்தாளில் 27.

எடை குறைந்து இருமலோடு வரும் எவரையும் நம் நாட்டில் காசநோய்க்குப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. மார்பு சிடி ஸ்கேனில் காற்றறைகள் சிதைந்த எம்ஃபிசிமா தெரிந்தது, புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை. சர்க்கரையும் தைராய்டும் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் 9.6 என்பதால் இரும்புச்சத்துக் குறைபாடு தனியாகக் கவனிக்கப்பட்டது. இதயத்தின் வலப்பக்கத்தில் சிறிதளவே அழுத்தம் இருந்தது. முதியோர் மனச்சோர்வு அளவுகோலில் 15-க்கு 9 என்று வந்தது. இதைக் கேட்டபோதுதான் மகன் முதல்முறையாக வாயைத் திறந்து, அம்மா யாரிடமும் சரியாகப் பேசியே பல மாதங்கள் ஆகின்றன என்றார்.

நுரையீரல் நோய் தசையைத் தின்பது எப்படி

அடைப்பு நோயில் உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறாமல் நெஞ்சுக்குள் தங்கிவிடுவதால், உதரவிதானம் தட்டையாகி, கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் மூச்சு வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. சும்மா உட்கார்ந்திருப்பதற்கே அதிக ஆற்றல் செலவாகிறது. சாப்பிடும்போது மூச்சு வாங்குவதால் உணவு குறைகிறது; நாள்பட்ட அழற்சி தசைப் புரதத்தைக் கரைக்கிறது; நோய் தீவிரமாகும்போது தரப்படும் ஸ்டீராய்டு, அடிக்கடி தரப்பட்டால், தொடைத் தசையை மேலும் மெலியச் செய்கிறது. தொடை மெலிந்தால் சிறு வேலைக்கும் அந்தத் தசை விரைவில் களைத்து, கூடுதல் மூச்சைக் கோருகிறது. மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைத்தால் தொடை இன்னும் மெலிகிறது. நுரையீரலில் தொடங்கியது காலில் வந்து முடிந்து, அங்கிருந்து மீண்டும் நுரையீரலுக்குத் திரும்புகிறது. இந்தச் சுழலில் நுரையீரலின் சேதத்தைத் திரும்பப் பெற முடியாது. தசையின் இழப்பைப் பெருமளவு திரும்பப் பெற முடியும். சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது

மருமகள் இரண்டு ஆண்டுகளாகத் தாயைப் போலப் பார்த்துக்கொண்டவர். தண்ணீர் கட்டிலுக்கு வந்தது, சாப்பாடு கட்டிலுக்கு வந்தது, தலைவாரி விடுவதும் புடவை கட்டி விடுவதும் அவர்தான். "அத்தை, நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்பது அந்த வீட்டில் ஒரு நாளில் பலமுறை கேட்கும் வாக்கியம். பாட்டி எழுந்து நடக்க முயன்றால் பேரப்பிள்ளைகள்கூட ஓடிவந்து உட்காரவைத்தார்கள். அன்பினால் செய்யப்பட்ட இந்த ஒவ்வொரு உதவியும், அந்த அம்மாவின் காலுக்கும் கைக்கும் அன்றாடம் கிடைத்துவந்த சிறு பயிற்சியைப் பறித்துக்கொண்டிருந்தது. அவரோ, "எல்லாருக்கும் பாரமா இருக்கறேனுங்க" என்று சொல்லிச் சொல்லி, கேட்க வேண்டிய உதவியைக்கூடக் கேட்காமல் ஒடுங்கிவிட்டார். தேவையற்ற உதவி தாராளமாகக் கிடைத்ததும், தேவையான உதவியைக் கேட்கக் கூசியதும் ஒரே வீட்டில் ஒன்றாக நடந்தன.

இதைக் குடும்பத்தினரிடம் சொல்வது எளிதல்ல. நீங்கள் பார்த்துக்கொண்ட விதம் தவறு என்று அவர்கள் காதில் விழுந்துவிட்டால், அதன்பின் எதுவும் நடக்காது. மருமகளிடம் நாங்கள் சொன்னது, அத்தை உயிரோடு வீடு திரும்பியதற்கு அவருடைய கவனிப்பே காரணம் என்பதும், இனி அதே கவனிப்பை வேறு இடத்தில் செலுத்த வேண்டும் என்பதுமே. இரண்டும் உண்மை. எந்த வேலைகளை அத்தை தானே செய்வார், எவற்றில் பக்கத்தில் நின்றால் போதும், எவற்றை மருமகளே செய்வார் என்று மூன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டார்கள். தலைவாருவது மூன்றாவது வகையிலேயே இருந்தது, ஏனென்றால் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது மூச்சுக்கு உதவிக்கொண்டிருக்கும் தோள் தசைகள் அந்த வேலைக்குப் போய்விடுகின்றன. வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும் அவருக்கே திரும்பிவந்தன.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூச்சுத்திணறலை மூன்று சுழல்களாகப் பார்க்கும் ஒரு முறையைக் கேம்பிரிட்ஜில் உள்ள மூச்சுத்திணறல் சிகிச்சைக் குழுவினர் முன்வைத்துள்ளனர்: மூச்சு விடும் விதம், மனத்தில் எழும் எண்ணம், செய்யும் செயல். மூச்சு வாங்கத் தொடங்கியதும் 'இதோ நின்றுவிடப் போகிறது' என்று தோன்றுகிறது. அந்த எண்ணத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகிறது. அதனால் திணறல் கூடுகிறது. கூடிய திணறல் அந்த எண்ணத்தையே மெய்ப்பிப்பதாகத் தோன்றுகிறது. அடுத்த முறை அந்த வேலையையே தவிர்க்கிறார். இவரிடம் மூன்று சுழல்களும் முழு வேகத்தில் இருந்தன. இரவில் படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து உட்கார்ந்தே தூங்கினார். அதற்கென யாரோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையும் தலைமாட்டில் இருந்தது. முதியவருக்கு, அதுவும் தளர்ந்த நுரையீரல் நோயாளிக்கு, அத்தகைய மாத்திரை கீழே விழுவதற்கும் மூச்சு மந்தமாவதற்கும் வழிவகுக்கும் என்பதால் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

குளியல்

அவர் மிகவும் அஞ்சிய வேலை குளியல். வாரத்துக்கு ஒருநாளாக அது குறைந்திருந்தது. இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே சென்று, மருமகளின் உதவியோடு, குளியல் எப்படி நடக்கிறது என்பதை ஒவ்வொரு படியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தகரக் கூரை போட்ட சிறிய குளியலறை. கதவைச் சாத்தினால் ஆவி முழுவதும் உள்ளே. நின்றபடி பெரிய சொம்பில் மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்றுவது. தண்ணீர் முகத்தில் விழும்போது மூச்சை அடக்கிக்கொள்வது. காலுக்குச் சோப்புப் போடக் குனியும்போது வயிறு அழுந்தி உதரவிதானம் மேலே தள்ளப்படுவது. பிறகு ஈரத்தோடு நின்று அழுத்தித் துவட்டுவது. அதன்பின் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவது. மூச்சுக்கு இடைஞ்சலான செயல்கள் அனைத்தும் கால் மணி நேரத்துக்குள் வரிசையாக வந்துவிடுகின்றன.

மாற்றியவை இவ்வளவே: முதுகுச் சாய்வுள்ள பிளாஸ்டிக் நாற்காலி, கதவுக்குப் பதில் திரை, வெதுவெதுப்பான நீர், சிறிய குவளை, குனிவதற்குப் பதில் காலைத் தூக்கி மற்றொரு முழங்காலின்மேல் வைத்துக்கொள்வது, தண்ணீர் ஊற்றும்போதும் எழும்போதும் உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விடுவது, துவட்டாமல் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது, நாடாவைத் தளர்த்தி முடிவது. குளிப்பதற்கு முன்பே மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்துக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்கத் தொடங்கினார். ஆறு நிமிட நடையில் கிடைத்த முன்னேற்றத்தைவிட இதையே அவர் பெரிதாகச் சொன்னார். அவர் சொன்னதே சரி என்று நினைக்கிறேன்.

இழுக்கும் மருந்து, உணவு, ஆக்சிஜன்

மருத்துவமனையிலிருந்து அவருக்குத் தந்திருந்தது, கேப்சூலைத் துளைத்து அதிலுள்ள பொடியை உறிஞ்சும் கருவி. மருந்து சரியானதே. ஆனால் அத்தகைய கருவியில் பொடியைத் தூளாக்கி நுரையீரலுக்குள் கொண்டுபோவது நோயாளியின் சொந்த உறிஞ்சு விசைதான். கருவியில் எந்த அழுத்தமும் இல்லை. அவர் உறிஞ்சி முடித்த கேப்சூலை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்தபோது பாதிக்கும் மேல் பொடி கொட்டியது. கைவிரல்களில் கருவியைத் திருகித் திறக்கும் வலுவும் இல்லாததால், சில நாட்கள் பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை மருந்தே எடுக்காமல் இருந்திருக்கிறார். ஸ்பேசர் குழாய் பொருத்திய பம்ப் இன்ஹேலருக்கு மாற்றி, அழுத்துவதை மருமகளிடம் விட்டு, மெதுவாக மூச்சை இழுத்துப் பிடிப்பதை மட்டும் அவரிடம் விட்டோம். நோய் அடிக்கடி தீவிரமாவதாலும் இழுக்கும் ஸ்டீராய்டு பலன் தருமா என்பதைக் காட்டும் இயோசினோஃபில் என்ற இரத்த வெள்ளணுக்கள் 340 இருந்ததாலும், நீண்ட நேரம் வேலைசெய்யும் இரு விரிப்பு மருந்துகளோடு இழுக்கும் ஸ்டீராய்டும் சேர்க்கப்பட்டது. வாய் கொப்பளிப்பது கட்டாயம் என்று சொல்லப்பட்டது. தியோஃபிலின் மாத்திரையை நிறுத்தினோம். அது குமட்டலையும் பசியின்மையையும் தூக்கமின்மையையும் தரக்கூடியது. பத்து நாட்களில் பசி எடுப்பதாக அவரே சொன்னார்.

உணவில் இருந்த சிக்கல் வேறு வகையானது. சளி பிடிக்கும் என்று தயிர், பால், வாழைப்பழம், முட்டை அனைத்தும் நிறுத்தப்பட்டிருந்தன. மிஞ்சியது ரசம் சோறும் பிஸ்கட்டும். ஒருநாள் உணவைக் கணக்கிட்டால் புரதம் 25 கிராம் அளவில் நின்றது. நோயுற்ற முதியவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்ற பரிந்துரைப்படி அவருக்குக் குறைந்தது 46 கிராம் தேவை. பாலோ தயிரோ சளியை நுரையீரலில் உண்டாக்குவதில்லை என்பதை அவர்கள் உடனே ஏற்கவில்லை. குளிர்ந்ததாக அல்லாமல் வெதுவெதுப்பான பால், பகல் வேளையில் மட்டும் தயிர் என்ற அவர்களுடைய நிபந்தனைக்கு நாங்கள் இணங்கினோம். நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்பதைவிட இரண்டு குவளைப் பால் உள்ளே போவது முக்கியம். வயிறு நிறையச் சாப்பிட்டால் உதரவிதானம் இறங்க இடமிருக்காது என்பதால் மூன்று வேளை ஆறாகப் பிரிக்கப்பட்டது: இரண்டு அவித்த முட்டை, பாசிப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், நிலக்கடலை உருண்டை, குழைய வேகவைத்த பருப்புச் சோறு, நெய் ஒரு கரண்டி.

ஆக்சிஜன் செறிவூட்டி வாங்கிவிடலாமா என்று மகன் இரண்டுமுறை கேட்டார். கடன் வாங்கவும் ஆயத்தமாக இருந்தார். ஓய்வில் 88 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கியவர்களுக்கு, நாளுக்கு 15 மணி நேரத்துக்கு மேல் தரப்படும் ஆக்சிஜன் ஆயுளை நீட்டிக்கிறது என்று 1980, 1981 ஆண்டுகளில் வெளிவந்த இரு ஆய்வுகள் காட்டின. இவரைப் போல ஓய்வில் அவ்வளவு இறங்காமல் நடையில் மட்டும் குறைபவர்களுக்கு அது ஆயுளையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ மாற்றவில்லை என்று 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே வேண்டாம் என்றோம். மூச்சு வாங்கும்போது முகத்துக்கு நேரே வீசும் காற்று, கன்னத்திலும் மூக்கிலும் உள்ள நரம்பு முனைகள் வழியாகத் திணறல் உணர்வைத் தணிக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. வீட்டில் இருந்த பனையோலை விசிறி அதற்குப் போதுமானதாக இருந்தது. முன்னால் சாய்ந்து முழங்கைகளை மேசையில் ஊன்றி, விசிறிக் காற்றில் உதடு குவித்து மூச்சு விடுவது என்ற மூன்றையும் பயம் வரும் நேரத்துக்கு முன்பே, அமைதியான நேரத்தில் பழகவைத்தோம்.

பயிற்சியும் இடையில் நேர்ந்த பின்னடைவும்

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இந்த நோயில் உள்ள மிக வலுவான சிகிச்சைகளுள் ஒன்று. ஆனால் மிகவும் தளர்ந்தவர்களைத்தான் "இவரால் முடியாது" என்று அதிலிருந்து ஒதுக்கிவிடுகிறோம். மாத்யூ மேடாக்ஸ் குழுவினர் இங்கிலாந்தில் 816 நோயாளிகளிடம் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. அவர்களில் நான்கில் ஒருவர் தளர்ச்சி நிலையில் இருந்தார். தளர்ந்தவர்கள் பயிற்சியை இடையில் விடுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட இருமடங்கு. ஆனால் முடித்த 115 பேரில் 71 பேர் முடிவில் தளர்ச்சி வரையறைக்குள் வரவில்லை. இடையில் விடுவதற்கான காரணம் பெரும்பாலும் திடீர்த் தீவிரமும் மருத்துவமனைச் சேர்க்கையும் என்பதால், தளர்ந்தவரை ஒதுக்காமல் அவர் விடாமல் தொடர வழி செய்வதே நம் வேலை.

வாரம் இருமுறை மருத்துவமனைக்கு வர இவரால் இயலாது; பேருந்து மாறி ஒன்றரை மணி நேரப் பயணம். எனவே பயிற்சி வீட்டிலேயே அமைந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. நுரையீரல் நோயாளிகளுக்காக அதைக் கேட்டு எழுதும் பழக்கம் மருத்துவர்களாகிய நமக்கு இன்னும் வர வேண்டும். முதல் வாரம் உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுவது ஐந்து முறை, காலையும் மாலையும். பிறகு கை ஊன்றாமல். பிறகு தாழ்ந்த நாற்காலி. அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளை இரு கைகளிலும் பிடித்துத் தோள் வரை தூக்குவது. திண்ணைத் தூண்களுக்கிடையே நடை. ஆக்சிஜன் அளவு 85-க்குக் கீழே போகாதபடி நின்று நின்று. மூச்சு வாங்குவது ஆபத்தன்று, பேச முடியாத அளவுக்கு வாங்கினால் மட்டும் நிற்க வேண்டும் என்பதை அவர் உடலால் நம்புவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று.

பத்தாவது வாரத்தில் தீபாவளி வந்தது. வெடிப்புகையும் மழைக்காலச் சளியும் சேர்ந்து நோய் தீவிரமடைந்தது. சளியின் நிறம் மாறினாலோ வழக்கமான வேலைக்கே கூடுதலாக மூச்சு வாங்கினாலோ அன்றே தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருந்ததால், இம்முறை இரண்டாம் நாளே அழைத்துவிட்டார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம் ஐந்து நாட்களுக்கு மட்டும், அத்துடன் ஆன்டிபயாட்டிக். ஒரு நாள் மட்டும் மருத்துவமனையில் வைத்து, ஆக்சிஜன் அளவை 88-க்கும் 92-க்கும் இடையே இருத்தினோம். அதற்குமேல் ஏற்றினால் இந்நோயாளிகளில் சிலருக்கு இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். எட்டு நாட்களில் எடை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. நாற்காலியிலிருந்து எழ மீண்டும் கை ஊன்ற வேண்டியிருந்தது. "இத்தன நாள் பண்ணதெல்லாம் வீணாப் போச்சுங்க" என்று அழுதார். தளர்ந்த முதியவர்களை நாம் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நோய் தணிந்துவிடுகிறது, ஆனால் ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இவருக்கு மூன்றாம் நாளே கட்டிலில் அமர்ந்தபடி கால் நீட்டும் பயிற்சி தொடங்கியது. வீடு திரும்பிய மறுநாள் இயன்முறை மருத்துவர் வந்தார். 12 வாரத் திட்டம் 15 வாரம் ஆயிற்று.

முடிவில் அளந்தவை

எடை 41.3 கிலோ. 4 மீட்டர் நடைக்கு 5.6 நொடி. கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர 18 நொடி. ஆறு நிமிடத்தில் 231 மீட்டர். 30 மீட்டர் கூடினாலே நோயாளி உணரக்கூடிய முன்னேற்றம் என்று கருதப்படுகிறது. கேட் மதிப்பெண் 18. மனச்சோர்வு அளவு 4. இதற்கென மாத்திரை தரவில்லை, தேவைப்பட்டிருந்தால் தந்திருப்போம். கைப்பிடி 13.5 கிலோதான், இன்னும் வரம்புக்குக் கீழே. ஃபிரீட் அளவுகோலின் ஐந்து கூறுகளில் அது ஒன்றே மிஞ்சியதால், தளர்ச்சியிலிருந்து அதற்கு முந்தைய நிலைக்கு வந்திருந்தார். முதல் நொடி மூச்சுத்திறன் 43 சதவீதம். நுரையீரல் மட்டும் அப்படியே இருக்க, மற்ற அனைத்தும் நகர்ந்திருந்தன.

இதற்குப் பின்னால் சில சாதகமான சூழல்கள் இருந்தன என்பதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நேர்மையாகாது. வீட்டிலேயே இருக்கும் மருமகள், முட்டையும் பாலும் வாங்க முடிந்த வருமானம், வர ஆயத்தமாக இருந்த இயன்முறை மருத்துவர் ஆகிய மூன்றும் ஒருங்கே எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தனியாக வசிக்கும் முதியவருக்கு இதே திட்டத்தை எழுதிக்கொடுத்து அனுப்புவது சிகிச்சையாகாது. மருமகளின் முதுகுவலியும் தூக்கமின்மையும் எங்கள் கோப்பில் இடம்பெற்றது ஆறாவது மாதத்தில்தான். முதல் நாளிலேயே கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. இப்போது மாதத்தில் இரண்டு நாள் அவருடைய நாத்தனார் வந்து தங்குகிறார்.

நோய் மீண்டும் தீவிரமானால் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை அவர் நலமாக இருக்கும்போதே பேசினோம். முகமூடி வழியாகத் தரும் மூச்சுக் கருவிக்குச் சம்மதம், தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைப்பது வேண்டாம் என்றார். மகனுக்கு இதைக் கேட்பது கடினமாக இருந்தது. ஆயினும் அவர் முன்னிலையிலேயே பேசப்பட்டது நல்லது. இத்தகைய முன்விருப்ப ஆவணத்தை உச்சநீதிமன்றம் 2018-இல் அனுமதித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும்.

ஒன்பதாம் மாத நிலவரப்படி, தீபாவளிக்குப் பின் ஒருமுறை சளி பிடித்தும் மருத்துவமனைச் சேர்க்கை தேவைப்படவில்லை. ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளன. வெந்நீர் அடுப்பு வீட்டின் பின்புறத்திலிருந்து தறிக்குடோனுக்கு அப்பால் மாற்றப்பட்டது. எரிவாயுவில் வெந்நீர் போடும் செலவை அந்தக் குடும்பம் இன்னும் ஏற்கும் நிலையில் இல்லை. எடையும் நாற்காலிப் பரிசோதனையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்கப்படும். எடை ஒரு கிலோ குறைந்தாலோ ஐந்து முறை எழ 20 நொடிக்கு மேல் ஆனாலோ, அடுத்த மூச்சுத்திணறலுக்குக் காத்திராமல் வீட்டுப் பயிற்சி மீண்டும் வாரம் இருமுறையாக்கப்படும்.